கப்பல் புறப்படுமுன் கேட்ட வயது

வயதுச் சான்றுக்காக உங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஒருவரை அழைத்து வரும்போது முதலில் உங்களுக்குப் பயம் வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுத் தூங்குங்கள். யாருக்கும் நஷ்டமில்லை. நெஞ்சுப் படத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு படம் எடுத்துச் சரிசெய்யலாம். வயது அப்படியல்ல. நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து "டாக்டரம்மா, இன்னொரு தடவை பாருங்க" என்று கேட்பதில்லை. அந்த எண்ணை வைத்து ஒருவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டிருப்பார்கள், அல்லது ஒருத்திக்குத் தாலி கட்டிவிட்டிருப்பார்கள்.

பிள்ளைகளா, எலும்பு பொய் சொல்லாது என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அது எந்த ஊர்ப் பேச்சில் பேசுகிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு நானாகத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். சங்கு குளிக்கிறவர்களின் தோளைப் படமெடுத்தால் பந்துபோல் இருக்க வேண்டிய எலும்பு உள்ளுக்குள் செத்துத் தட்டையாகிக் கிடக்கும். நாற்பது வயதுக்காரர் கையைத் தூக்க முடியாமல் வந்து நிற்பார். ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சில கிராமங்களில் தண்ணீரில் புளோரைடு அதிகம். அங்கிருந்து வருகிறவர்களின் முதுகெலும்பு படத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். ஆறுமுகநேரி உப்பளத்தில் சிறுவயதிலேயே வேலைக்கு இறங்கியவர்களின் கால் எலும்பு வேறு மாதிரி. எலும்பை நாம் கல்லென்று நினைத்துக்கொள்கிறோம். அது சாகும்வரை தன்னை ஒரு பக்கம் இடித்து இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்கிறது. எதைத் தின்றோம், எதைச் சுமந்தோம், எந்தத் தண்ணீரைக் குடித்தோம், யார் வயிற்றில் பிறந்தோம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கட்டுகிறது.

பிள்ளைகளின் எலும்பு வளர்வதும் அப்படித்தான். எலும்பு நீளுகிற இடமான வளர்ச்சித் தட்டு மணிக்கட்டில் எந்த வயதில் மூடும் என்று நம் அறையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறதே, அது கடல் தாண்டி எங்கேயோ வசதியாக வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கைகளைப் படமெடுத்துப் போட்டது. நம் ஊரில் வயிறாரச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தட்டு அதைவிடச் சற்று முன்னாலேயே மூடும். வயிறு காய்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னால் மூடும். உப்பளத்துப் பிள்ளைகளையும் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தால், படம் சொல்வதற்கு மேல் ஒரு வயதோ இரண்டு வயதோ கூட்டிப் போடுவது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். அதனால்தான் அது ஆபத்தான வழக்கம். பெரும்பாலும் சரியாக வருவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது எனக்கு வாய்த்த தலைமை மருத்துவர், வயதுச் சான்று எழுதுமுன் எவ்வளவு அவசரமானாலும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். கோர்ட்டு ஆள் வாசலில் நின்றாலும் நிற்கட்டும். "பசியோட இருக்கவனுக்குச் சீக்கிரம் முடிச்சிட்டுப் போவோம்னுதாம்ளா தோணும்" என்பார். நாங்கள் அவரைச் சாப்பாட்டு ராமன் என்று கேலி செய்வோம். இப்போது சொல்லப்போகும் நாளில் நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மதியம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஓர் ஆளை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஏதோ ஒரு துறைமுகத்தில் கள்ளத்தனமாகக் கப்பலேறி, சரக்குக்கிடையில் ஒளிந்து வந்தவன். நடுக்கடலில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கே வந்து சேரும்போது இடது கை வீங்கிப்போயிருந்தது. கதவு நசுக்கிவிட்டது என்று ஏஜெண்ட் சொன்னார். கையில் கட்டுப் போட்டதும் திரும்பக் கொண்டுபோய்க் கப்பலில் விட வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் அவனைத் துறைமுகக் கேட்டைத் தாண்ட விட்டிருந்தார்கள். கூடவே கப்பல் ஆள் ஒருவன், நல்ல தாட்டியான ஆள், அவன் தோளில் கைபோட்டபடியே வந்தான். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி போலத் தோன்றும். அந்தக் கை கொஞ்சம் அழுத்தும்போதெல்லாம் இவன் கழுத்து உள்ளே போனது.

அவசரப் பிரிவில் ஜெயா சிஸ்டர் பணியில் இருந்தார். சாயர்புரத்துக்காரர், மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்றவர். பார்த்த மாத்திரத்தில், "இது சின்னப் பையனாட்டும்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழந்தைகள் நல அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு நிரம்பாதவன் என்றால் அவனைக் கரையில் இறக்கித் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, நிரம்பியவன் என்றால் தங்களுக்கு அதிகாரமில்லை, குடியேற்றத் துறை சொல்கிறபடி அதே கப்பலில்தான் போக வேண்டும் என்றார். கப்பல் சாயங்காலம் புறப்படுகிறது. அதற்குள் வயது வேண்டும்.

ஏஜெண்ட் கெட்டவர் இல்லை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த, பவ்யமாகப் பேசுகிற மனுஷர். கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த கப்பல் வெளியே காத்துக்கிடக்கிறது, ஒரு மணிநேரம் தாமதமானாலும் மேலிடத்தில் தன் தலைதான் உருளும் என்றார். ஆஸ்பத்திரி மேலிடத்திலிருந்தும் எனக்குப் போன் வந்தது. சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். எப்படி முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இது உங்களுக்கும் நடக்கும். யாரும் உங்களைப் பொய் எழுதச் சொல்ல மாட்டார்கள்; சீக்கிரம் எழுதச் சொல்வார்கள்.

கையின் படம் திரையில் வந்தது. உள்ளங்கை எலும்பு ஒன்றில் கீறல். மணிக்கட்டைப் பார்த்தேன். வளர்ச்சித் தட்டு மூடியிருந்தது, மூடிய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இன்னும் தெரிந்தது. சட்ட மருத்துவப் பிரிவிலிருந்த என் சக மருத்துவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், நேர்மையானவர். படத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தார். விலா எலும்பை ஒன்று ஒன்றாக எண்ணலாம் போல் இருந்தான்.

"மேடம், ஆளு இப்படி வத்திப்போய் இருக்கான். நம்ம உப்பளத்துப் பயலுக மாதிரி எலும்பு பின்தங்கித்தான் இருக்கும். படமே பதினெட்டைத் தொடுதுன்னா இவன் இருபதுக்குக் குறையமாட்டான். எழுதிருவோம்" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எத்தனையோ பிள்ளைகளை அந்தக் கணக்கில் பார்த்து, பிறகு பள்ளிச் சான்றிதழ் வந்தபோது சரியாக இருந்திருக்கிறது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் வயதுக்குக் கை மட்டும் போதாது. தோள், இடுப்பு, முழங்கால், கழுத்துக்குக் கீழுள்ள காறை எலும்பு எல்லாம் எடுக்க வேண்டும். அதற்கு அவனைப் படுக்கவைத்து மூச்சை அடக்கச் சொல்ல வேண்டும், அவனுக்கோ நாம் பேசுவது எதுவும் புரியவில்லை. ஜெயா சிஸ்டர் தன் பக்கத்து வீட்டு மிக்கேல் அண்ணாச்சியைப் போன் போட்டு வரவழைத்தார். அண்ணாச்சி வெளிநாட்டுக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் காய்கறி வாங்கி வாங்கியே அந்தக் கரைப் பாஷையைப் பழகியிருந்தார்.

எக்ஸ்ரே அறைக்கு ஒரு விதி உண்டு. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் ராஜாவே வந்தாலும் உள்ளே வரக்கூடாது. கப்பல் ஆளையும் ஏஜெண்டையும் வெளியே நிற்கச் சொன்னேன். கப்பல் ஆள் முறைத்தான். கதிர் படும், அப்புறம் உனக்குப் பிள்ளை பிறக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உடனே நகர்ந்துவிட்டான். மிக்கேல் அண்ணாச்சிக்கு ஈய அங்கியை மாட்டிவிட்டு உள்ளே நிறுத்தினோம். கதவு மூடியது.

மேசையில் படுக்கச் சொன்னதும் அவன் நடுங்க ஆரம்பித்தான். குளிர்சாதனம்தான் காரணம் என்று நினைத்து ஒரு போர்வை கொண்டுவரச் சொன்னேன். அண்ணாச்சி அவன் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவன் கதவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். குரலே எழும்பவில்லை. அண்ணாச்சியின் முகம் மாறுவதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு ஏறுனாங்களாம்மா" என்றார் அண்ணாச்சி. "இன்னொருத்தனை ராத்திரி மேல கூட்டிட்டுப் போனாங்களாம். அந்தப் பய திரும்ப வரலையாம். மறுநாளு சோறு ஒரு தட்டுதான் வந்துச்சாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் அந்தத் தாட்டியான ஆள் செருப்புத் தேய நடந்துகொண்டிருப்பது கேட்டது. சிவப்பு விளக்கை அணைக்காதே என்று டெக்னீஷியனிடம் சொன்னேன். விளக்கு எரிகிறவரைதான் அவனுக்குப் பாதுகாப்பு என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. ஆனால் எவ்வளவு நேரம் எரியவிட முடியும்?

உள்ளிருந்தே குடியேற்றத் துறை அதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கதை சொல்லத்தான் செய்வார்கள், கதையை வைத்து ஒருவனைக் கரையில் இறக்க முடியாது, குழந்தை என்று நீங்கள் சான்று தந்தால் அது வேறு விஷயம் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவன் சொல்வது உண்மையா என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நடுக்கத்தை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அவனுக்கு என்ன வயது என்று கேட்கச் சொன்னேன். பதினாறு என்றான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"பதினாறுன்னே எழுதிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கப்பல்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். நடுக்கடல்ல கேக்க நாதி கிடையாது."

பிள்ளைகளா, எழுதிவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பதினாறு என்று எழுதி, ஏஜெண்ட் இன்னொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டி, அவர் இது இரக்கத்தில் எழுதிய பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சான்றும் போகும், அவனும் போவான். அதற்குப் பிறகு அவன் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பொய் எழுதப் பயம், மெய் எழுதவும் பயம். இரண்டுக்கும் நடுவில், எனக்கு மெய் எதுவென்றே தெரியவில்லை என்பதுதான் பெரிய பயம். இருபது என்றால் சாயங்காலம் அவன் கப்பலில் இருப்பான்.

போர்வையோடு உள்ளே வந்திருந்த ஜெயா சிஸ்டரிடம் ஒரு வாழைப்பழம் கேட்டு வாங்கி, நின்றபடியே தின்றேன். இட்லிக்குப் போக நேரமில்லை. அதற்குள் மற்றப் படங்களும் எடுத்துத் திரைக்கு வந்திருந்தன. பழம் தின்ன ஆகிற நேரம் அந்தப் படங்களை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். வாசலை, கடிகாரத்தை, போனை எதையும் பார்ப்பதில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் எலும்பின் சுவர் தடித்திருந்தது. கை எலும்பிலும் கால் எலும்பிலும் வெளிச்சுவர் கெட்டியாக, ஒரே சீராக இருந்தது. சிறுவயதில் பசியிலோ பெரிய நோயிலோ வளர்ச்சி நின்று நின்று வளர்ந்த பிள்ளைகளின் எலும்பு முனையில் குறுக்குக் கோடுகள் கிடக்கும், சுவர் மெலிந்திருக்கும். உப்பளத்துப் பிள்ளைகளிடம் நான் அதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இவனிடம் ஒரு கோடுகூட இல்லை. இவன் பாலோ மீனோ கிழங்கோ ஏதோ ஒன்றை வயிறாரத் தின்று வளர்ந்தவன். அந்த விலா எலும்பு தெரிந்தது கப்பலில் சில வாரம் பட்ட பட்டினியால். தோல் வற்றச் சில வாரம் போதும். வளர்ந்து முடிந்த எலும்பை அந்தப் பட்டினி தொட்டிருக்கவில்லை.

என் சக மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நம்ம உப்பளத்துப் பசி இல்ல டாக்டர். இப்போ வந்த பசி. கூட்டிப் போட நமக்கு என்ன நியாயம் இருக்கு?" என்று கேட்டேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, அப்படியானால் இவன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தட்டு எப்போது மூடும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. புத்தகத்துக்கும் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த சில ஊர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் ஆப்பிரிக்க வழியில் வந்தவர்கள் சிலருக்கு, முன்னாலேயே மூடும் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படியிருந்தால் இவனுக்குப் பதினாறாகவும் இருக்கலாம். அப்படி இல்லையென்றால் பத்தொன்பது. காறை எலும்பின் உள்முனை இன்னும் ஒட்டத் தொடங்கவில்லை, அதனால் அதற்குமேல் போக வாய்ப்புக் குறைவு. இருவரும் பேசி முடித்து, பதினாறு முதல் பத்தொன்பது வரை, பதினெட்டு நிரம்பியதா என்பதை இந்தப் படங்களை வைத்துச் சொல்ல இயலாது என்று எழுதி, இருவருமே கையெழுத்துப் போட்டோம். அவர் தன் கணக்கை விட்டுக்கொடுத்து என் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதை நான் என்றும் மறக்க மாட்டேன். சபையில் தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்ள எல்லோருக்கும் மனசு வராது.

சிவப்பு விளக்கு அணைந்தது. குழந்தைகள் நல அதிகாரி வந்திருந்தார். ஏஜெண்ட் சான்றை எட்டிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன என்றார். கப்பல் ஆள் அதற்குள் அவன் தோளில் கையைப் போட்டுவிட்டான். சரியாக எழுதியே அவனைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன்.

அதிகாரி என்னைக் கேட்டார், "ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர். குழந்தையா, இல்லையா?"

முப்பது வருஷத்துக்கு மேல் படித்ததையெல்லாம் வைத்துக்கொண்டு நான் சொன்னேன், "தெரியாது."

என் சக மருத்துவரும் முன்னால் வந்து, தனக்கும் தெரியாது என்றார். இரண்டு மருத்துவர்கள் அடுத்தடுத்துத் தெரியாது என்று சொல்லி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதிகாரி சான்றை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

"குழந்தை இல்லன்னு நிச்சயமாத் தெரியாத ஒருத்தனை நான் கப்பலுக்கு அனுப்ப முடியாது" என்றார். பிறகு அந்தக் கப்பல் ஆளின் கையைத் தானே பிடித்து எடுத்துவிட்டார்.

ஏஜெண்ட் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசினார். முடித்துவிட்டு என்னிடம் வந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், "நல்லதும்மா" என்றார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஒருவேளை பயமாக மட்டும் இருந்திருக்கலாம். சாயங்காலம் கப்பல் ஓர் ஆள் குறைவாகப் புறப்பட்டது.

அவன் கரையில் வைத்துப் போலீசிடம் எல்லாவற்றையும் சொன்னான். மிக்கேல் அண்ணாச்சிதான் பாஷை மாற்றிச் சொன்னார். நடுக்கடலில் நடந்ததை இங்கே விசாரிக்க முடியுமா, கப்பல் எந்த நாட்டுக் கொடி, எந்த நாட்டுச் சட்டம் என்று அது எங்கெங்கோ போனது. முடிவு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கை எலும்பு மட்டும் நன்றாகக் கூடிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று நானே படமெடுத்துப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து அவன் நாட்டுத் தூதரகத்திலிருந்து விவரம் வந்து, அவனை விமானத்தில் ஊருக்கு அனுப்ப ஏற்பாடானது. குழந்தைகள் நல அதிகாரி எனக்குப் போன் செய்து சொன்னார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறந்த தேதியும் வந்திருக்கிறது டாக்டர் என்றார்.

கப்பல் புறப்பட்ட அன்றைக்கே அவனுக்குப் பத்தொன்பது நிரம்பியிருந்தது.

என் சக மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. எங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படித்த ஒருவர் அன்று அந்த அறையில் இருந்திருந்தால், அவன் ஊர்ப் பிள்ளைகளின் எலும்பை அறிந்த ஒருவர் இருந்திருந்தால், பத்தொன்பது என்று ஒரே எண்ணை எழுதியிருப்பார். அது சரியான விடை. யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது. சாயங்காலம் அவன் அந்தக் கப்பலில் ஏறியிருப்பான்.